ஆத்துக்குருவிக்குக் கட்டிய காப்பு

போன வைகாசியில் நாமெல்லாம் வேன் பிடித்து இராமேசுவரம் போய்விட்டு, தனுஷ்கோடியையும் பார்த்துவரக் கிளம்பினோமே, அங்கே நான் செய்த அழிச்சாட்டியத்தை நீங்கள் இன்னும் மறக்கவில்லை. காலை நடைக்குச் சேரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். நான் வேனில் ஏறாமல் மணலிலேயே நின்றுகொண்டிருந்தேன், டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்தார். கண்ணாடிக் கடைக்காரம்மா ஓடிவந்து, "சர்க்கரை எறங்கிப்போச்சாக்கா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தார். முட்டை லாரிக்காரர் மட்டும், "வெயிலு தலைக்கு ஏறிருச்சுங்க" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றது என்னவென்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவே மணல் மட்டும் நீளமாக ஓடுகிறது. அந்த மணலில் ஓரிடத்தைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு பலகை. பறவைகள் முட்டையிடும் இடம், உள்ளே வராதீர்கள் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பறவையின் படம். வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, மஞ்சள் மூக்கு, மூக்கு நுனியில் கொஞ்சம் கறுப்பு. ஆலா என்று பெயர் போட்டிருந்தது.

பெயர்தான் எனக்குப் புதிது. அந்தப் பறவையை எட்டு வயதிலிருந்தே தெரியும். கடலோரத்தில் அல்ல, நம் காவிரியில். அங்கே அதை ஆத்துக்குருவி என்போம். நம் வயதுக்கு எதையாவது சொல்லவேண்டுமென்றால் உடனே சொல்லிவிட வேண்டும், நாளைக்கு என்றால் மறந்துபோகும். அதனால் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் எடப்பாடிக்காரர்கள். அம்மாவின் பிறந்த வீடு பள்ளிபாளையத்துக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் மாமாவின் தோட்டம். எனக்குப் பிறகு வெகுகாலம் கழித்து அம்மா மறுபடி உண்டாகி, பிரசவத்துக்கு அங்கே போயிருந்தாள். பங்குனிக் கடைசியில், தம்பி பிறந்திருக்கிறான் என்று ஒரு சேதி வந்தது. நாங்கள் பஸ் ஏறும் முன்பே அடுத்த சேதியும் வந்துவிட்டது. பெயர் வைக்கும் முன்பே அவன் போய்விட்டான்.

அப்பாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவுக்குப் பிரசவக் காய்ச்சல். நினைவு தப்பிக் கிடந்த நேரத்தில், மாமா ஒருவரே குழந்தையை எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். அம்மா கண் விழித்தபோது உத்தரத்தில் தூளி இல்லை. தூளி கட்டிய பச்சைச் சேலையையும் காணோம். அவள் அழவில்லை. மாமாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்கீங்ணா வெச்சீங்க?"

மாமா வாயைத் திறக்கும் முன் அத்தை குறுக்கே வந்துவிட்டாள். "அதெல்லாம் தெரிஞ்சு என்ன அம்முணி பண்ணப் போற? எடஞ்சொன்னா மனசு அங்கயே தங்கிப்போகும். அடுத்தது நெலைக்காது. கஞ்சியக் குடி."

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. குழந்தையைப் புதைத்த இடத்தைப் பெற்றவளிடம் சொல்ல மாட்டார்கள். அத்தை கெட்டவள் இல்லை, அம்மாவுக்கு வேளாவேளைக்கு வெந்நீர் வைத்து ஊற்றியவள் அவள்தான். அப்பாவும் இடத்தைக் கேட்கவில்லை. கேட்டால் தன் முகத்தைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ. என்னை அம்மாவுக்குத் துணையாக விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். பெரிய பரீட்சையைக்கூட நான் எழுதவில்லை. அதற்காக ஒருவரும் என்னைத் திட்டாததிலிருந்து, நடந்தது பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது.

அந்த நாட்களில் தினமும் வீட்டுக்கு மல்லிகைப் பூ வரும். உதிரிப் பூ, ஈரத் துணியில் சுற்றி. வீடே மணக்கும். யாரும் தலையில் வைத்துக்கொள்வதைக் காணோம். ஒருநாள் நான், "எனக்கொரு முழம் கட்டிக் குடுங்கத்தை" என்று கேட்டேன். அத்தை அடிக்காத குறையாக என்னை வெளியே துரத்தினாள். பால் வற்றுவதற்காக மாரில் வைத்துக் கட்டுகிற பூ அது என்று எனக்கு யார் சொல்வார்கள்? இன்றைக்கும் மல்லிகை வாசம் வந்தால் எனக்குக் கல்யாண வீடு நினைவுக்கு வராது. சாணம் மெழுகிய அந்த இருட்டு அறைதான் வரும்.

இனி கோழிக்குஞ்சுகளின் கதை. மாமா அப்போதுதான் வெள்ளைக் கோழி வளர்க்க ஆரம்பித்திருந்தார். நாட்டுக்கோழி மாதிரி மேய்ந்து திரியாது, கொட்டாயில் அடைத்துத் தீனி வைக்க வேண்டும். ஊரே சிரித்தது. மாமா கவலைப்படவில்லை. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் ஒருநாள் வயதுக் குஞ்சுகள் ரயிலேறி ஈரோட்டுக்கு வரும், அவர் போய் இறக்கிக்கொண்டு வருவார். அம்மா படுத்திருந்த சமயம் பார்த்து ஒரு பெட்டி வந்து சேர்ந்தது.

"குஞ்சு கிஞ்சு எதுவும் அவ கண்ணுல படக் கூடாது" என்றார் மாமா. கன்றுக்குட்டியைக்கூடத் தள்ளிப் பிடித்துக் கட்டியிருந்தார். பக்கத்து வீட்டில் நிறைமாதமாக இருந்த மருமகளைக் கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். அட்டைப் பெட்டியை என்ன செய்வது? பக்கத்தில் ஒரு தறிக்காரர் குடியிருந்தார். அவர் வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்று ஓடவில்லை. அந்தத் தறிக்குழியில் தவிட்டைப் பரப்பி, மேலே அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு, குஞ்சுகளை அதில் விட்டார்கள். மற்றத் தறியின் சத்தத்தில் கீச்சுச் சத்தம் கேட்காது என்பது மாமாவின் கணக்கு.

கணக்கு சரிதான். தறிக்காரர் மத்தியானம் சோறு தின்னப் போவார் என்பதை மட்டும் மாமா மறந்துவிட்டார். தறி நின்றதும் அத்தனை குஞ்சும் ஒன்றாகக் கத்தும். மாமா உடனே இருமத் தொடங்குவார். அத்தை பாத்திரத்தை உருட்டுவாள். அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். அவளுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? கேட்டது. கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள், அண்ணனுக்காக. ஒருவருக்கொருவர் இப்படி ஒளித்து ஒளித்தே அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழ முடியாமல் போயிற்று.

தீட்டுக் கழிந்து தலைக்கு ஊற்றிய பிறகு அம்மா பொழுதுசாய ஆற்றுக்குப் போகத் தொடங்கினாள். என்னையும் கூட அனுப்புவார்கள். மேட்டூர் அணையை அடைத்திருந்த நேரம். குடிக்கத் திறந்துவிட்ட தண்ணீர் மட்டும் ஒரு பக்கமாக ஓடியது. மீதியெல்லாம் மணல். எங்கள் கரையிலிருந்து தண்ணீருக்குள் ஒரு மணல்திட்டு நீண்டு போய், நுனியில் மெலிந்து வளைந்திருக்கும். அதை மணல்நாக்கு என்போம். அது கரையோடு சேருகிற இடத்தில் நாணல் புதர், புதருக்குப் பக்கத்தில் ஒரு உடைந்த துவைகல். அம்மா அந்தக் கல்லில் ஒரு கையை ஊன்றி மணலில் உட்காருவாள். வீட்டில் எதையும் பார்க்காத கண், அங்கே தண்ணீரைப் பார்க்கும்.

அவள் அங்கே உட்காருவது மாமாவுக்குப் பிடிக்கவே இல்லை. தேடிக்கொண்டு வருவார். "அந்தக் கல்லு சுடும் அம்முணி. அக்கட்டால புங்கமரத்து நெழல்ல வந்து உக்காரு." இவள் வரமாட்டாள். "பூச்சி பொட்டு இருக்கும் சாமி, நீயாச்சும் சொல்லு" என்று என்னிடம் கெஞ்சுவார். நான் சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாளா என்ன.

குருவிகளை முதலில் பார்த்தது அம்மாதான். நான் மணல்நாக்கின் மேல் ஓடினேன். எங்கிருந்தோ இரண்டு வெள்ளைக் குருவிகள் கிரீச்சிட்டுக்கொண்டு என் தலைக்கு நேரே பாய்ந்தன. ஒன்று உச்சந்தலையில் எச்சமும் இட்டது. நான் அலறிக்கொண்டு திரும்பினேன். அம்மாவின் உதடு கொஞ்சம் விரிந்த மாதிரி இருந்தது. "அங்க முட்டை வெச்சிருக்குது கண்ணு, அதான். பைய வந்து எங்கூட உக்காரு" என்றாள். அத்தனை நீளமாக அவள் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

கூடு என்று ஒன்றுமில்லை. மணலில் உள்ளங்கை அளவுக்குக் குழி. அதில் இரண்டு முட்டை, மணல் நிறம், மேலே புள்ளி. தெரிந்து பார்த்தாலொழியக் கண்ணுக்கு அகப்படாது. அன்றிலிருந்து கல்லருகே அசையாமல் உட்கார்ந்து பார்ப்போம். ஒன்று உட்கார்ந்திருக்கும். மற்றது தண்ணீருக்கு மேலே நின்ற இடத்திலேயே சிறகடித்து, தொப்பென்று விழுந்து, சின்ன மீனோடு எழும்பும். அம்மா பொழுதுசாயப் போவதை விட்டு, வரவர மூன்று மணிக்கே போக ஆரம்பித்தாள். "இந்த வெயில்ல அங்க போயிக் குந்திக்கறாளே, காத்துக் கருப்பு எதாச்சும் அண்டிருச்சோ" என்று அத்தை முணுமுணுத்தாள். மந்திரிக்க ஆள் பார்த்ததும் எனக்குத் தெரியும்.

அக்கினி நட்சத்திரம் வந்தது. மாமாவின் கொட்டாயில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சில சுருண்டு விழுந்தன. கொட்டாயைச் சுற்றிலும் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே இருப்பார். எனக்கும் ஒரு சொம்பு கொடுத்திருந்தார். நம் நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படி ஒரு நாள் அம்மா தலைவலியென்று காலையிலிருந்தே படுத்துவிட்டாள். அவள் ஆற்றில் இருக்கிறாளோ என்று தேடிப்போன மாமா, குருவியின் முட்டைகளைப் பார்த்துவிட்டார். கோழி வளர்க்கிறவர் கண்ணுக்கு வேறு எப்படித் தெரியும்? மொட்டை வெயிலில், வெறும் மணலில் இரண்டு முட்டை. மனசு பொறுக்கவில்லை. நான்கு குச்சி வெட்டி நட்டு, ஒரு கோணிச்சாக்கை நனைத்து மேலே கட்டிப் பந்தல் போட்டுவிட்டு வந்தார். தங்கச்சி ஆசையாகப் பார்க்கிற குருவி, அதற்கு ஏதோ நம்மால் ஆனது என்று வீட்டில் சொல்லிக்கொண்டார். எனக்கும் அது அழகாகத்தான் பட்டது.

சாயங்காலம் அம்மாவுக்குத் தலைவலி விட்டதும் மூவரும் போனோம். இரண்டு குருவியும் மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"எப்பக் கட்டுனீங்க?"

"மத்தியானத்துக்கு முன்னாலயே. அவிஞ்சு போயிருமேன்னு... நெழலு கண்டா தானா வந்து உக்காருமுன்னு நெனச்சேன்."

அம்மா மணலில் இறங்கி நடந்தாள். குருவிகள் அவள் தலையிலேயே கொத்தின, அவள் கையைக்கூடத் தூக்கவில்லை. சாக்கை அவிழ்த்து, குச்சிகளைப் பிடுங்கி, எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து மாமாவின் காலடியில் போட்டாள். மூச்சு வாங்கியது. நாங்கள் தள்ளிப்போய் உட்கார்ந்தோம். கொஞ்சம் பொறுத்து ஒரு குருவி தண்ணீரில் இறங்கி, வயிற்றை நன்றாக நனைத்துக்கொண்டு எழும்பி, நேராக வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. வயிற்று இறகிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பாருங்க" என்றாள் அம்மா. "வெயிலு ஏற ஏற இப்பிடித்தான் நனஞ்சு நனஞ்சு வரும். உங்க சாக்கு அதுக்கு வேண்டாமுங்ணா. கிட்டப் போறதுக்கு வழி உட்டாப் போதும்."

மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வை என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் அவர் வேறொரு வேலை செய்தார். தறிக்காரரிடம் சாயம்போன கழிவு நூல் ஒரு கட்டு வாங்கிவந்தார். முட்டைகளுக்கு வெகுதூரம் தள்ளிக் குச்சிகளை நட்டு, நூலைச் சுற்றிலும் ஓட்டி, குச்சிக்குக் குச்சி வேப்பிலையும் மஞ்சள் கிழங்குத் துண்டும் கட்டினார். பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டுக்கும் காட்டுக்கும் கிணற்றுக்கும் நாம் காப்புக் கட்டுவோமே, அந்தக் கட்டு. காப்புக் கட்டிய இடத்தை நம்மவர்கள் யாரும் மிதிக்க மாட்டார்கள். மாடு குளிப்பாட்ட வந்தவர் தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "ஏனுங்க, இது என்ன சாமிங்க?" மாமா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "குருவி சாமிங்க" என்றார். மணல் வண்டிக்காரர் அன்றிலிருந்து வண்டியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார். ஒருத்தி ஒரு கட்டிச் சூடமும் ஏற்றிவிட்டுப் போனாள்.

ஒரு குஞ்சு பொரிந்தது. மணலையே உருட்டிக் கால் வைத்த மாதிரி இருந்தது. தாய் கத்தினால் படுத்துவிடும், பிறகு எங்கே கிடக்கிறது என்று தெரியாது. இரண்டாவது முட்டை அப்படியே இருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று பார்த்தோம். குருவி கொஞ்ச நாள் அதன்மேல் உட்கார்ந்தது. பிறகு ஓடுகிற குஞ்சின் பின்னால் மணல் நுனிக்குப் போய்விட்டது, திரும்பவில்லை.

அம்மா போய் அதை எடுத்துவந்து மாமாவிடம் நீட்டினாள். அவர் காதோரம் வைத்து ஆட்டிப்பார்த்தார். உள்ளே தளும்பியது.

"கூமுட்டை" என்றார். அப்புறம், "எஞ்சாக்குனாலதான் இப்பிடி ஆயிருச்சு. அன்னிக்கு நா தாய அதுகிட்ட அண்ட உடல" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். பெரிய ஆள் அழுது நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அம்மா முட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "ரெண்டு வெச்சா ரெண்டும் பொரிக்கோணுமுன்னு இருக்குதாங்ணா? கோழி வளக்கறீங்க, உங்களுக்குத் தெரியாதா? யாரு மேலயும் குத்தமில்ல." கல்லருகே உட்கார்ந்து, ஒரு கையைக் கல்லில் ஊன்றி, மறுகையால் மணலில் குழி பறித்தாள். நானும் பறித்தேன். முட்டையை வைத்து மூடினோம். மூடிவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. அவன எங்க வெச்சீங்க?"

மாமா ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீடு இருக்கும் திசையைப் பார்த்தார். அத்தை இல்லை. அவருக்குப் போவதற்கு வேறு இடமே இல்லை.

"கைய ஊனிட்டிருக்கறயே அம்முணி, அந்தக் கல்லுதான்" என்றார். "நாய் நரி தோண்டக் கூடாதுன்னு நாந்தான் தூக்கியாந்து வெச்சேன். தூளிச் சீலையிலயே சுத்தித்தான் வெச்சேன். நீ தெனமும் இங்கயே வந்து உக்காரயில எனக்கு ஈரக்கொல நடுங்கும்."

அம்மா கையை எடுக்கவில்லை. கல்லைத் தடவினாள். அது சூடாக இருந்திருக்கும். உடம்பைக் கொஞ்சம் நகர்த்தி, கல்லோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். "அப்ப இத்தன நாளும் எங்கூடத்தான் இருந்திருக்கறான்" என்றாள். பிறகு அழுதாள். வாய்விட்டு, ஆற்றுக்கு அக்கரையில் கேட்கிற மாதிரி அழுதாள். மாமா தடுக்கவில்லை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டேன். அவர்கள் அழுததைப் பார்த்து எனக்கு வந்த பயம் இன்னும் நினைவிருக்கிறது, அதற்குப் பின்னால் வந்த நிம்மதியும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு சொன்னாள், "தறிக்குழியில இருக்கறதையெல்லாம் ஊட்டுக்குக் கொண்டாங்ணா. விளக்குச் சூடு பத்தாம தெனமும் கத்துது. நா பாத்துக்கறேன்." மாமாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அட்டைப் பெட்டிகளில் அள்ளிவந்தபோது அவை குஞ்சாகவே இல்லை. இறக்கை முளைத்து, பாதிக் கோழியாக நின்றன. அம்மா ஒன்றை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "இதையா எனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சீங்க?" என்றாள். அத்தைதான் முதலில் சிரித்தாள்.

அந்த வருடம் அணையில் தண்ணீர் குறைவு, திறப்பது தள்ளிப்போயிற்று. குருவிக் குஞ்சுக்கு அது போதுமானதாக இருந்தது. மணலிலிருந்து எழும்பி, தண்ணீருக்கு மேல் தடுமாறி, மறுபடி வந்து விழுவதை மூவரும் பார்த்தோம். பிறகு விழவில்லை. ஆடியில் தண்ணீர் வந்து மணல்நாக்கையும் காப்பு நூலையும் கல்லையும் ஒன்றாக மூடியது. எங்களைக் கூட்டிப்போக அப்பா வந்தார். போகும் முன் அம்மா அவரைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீருக்குள் ஓரிடத்தைக் கை நீட்டிக் காட்டினாள்.

அத்தை பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருடம் கழித்து எனக்கு ஒரு தம்பி பிறந்து, நிலைத்து, இப்போது பேரன் எடுத்துவிட்டான். அம்மா போய் வெகுநாளாகிறது. மாமாவும் இல்லை. தடுப்பணை கட்டிய பிறகு அங்கே வருடம் முழுவதும் தண்ணீர் நிற்கிறது. மணல்நாக்கு எந்த இடத்தில் இருந்தது என்று என்னால் இப்போது கை நீட்டிக் காட்டக்கூட முடியாது.

இதுதான் விஷயம். தனுஷ்கோடியில் நான் பலகையைப் படித்துக்கொண்டிருந்தபோது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆத்துக்குருவி கடலில் இறங்கி, வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து மணலில் உட்கார்ந்தது. எனக்குச் சர்க்கரையும் இறங்கவில்லை, வெயிலும் ஏறவில்லை. அம்மா மாதிரி அந்த மணலில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தால் இந்த முழங்காலோடு எழுந்திருக்க முடியாது, நீங்கள் நாலு பேர் வந்து தூக்க வேண்டியிருக்கும். அதனால்தான் நின்றுகொண்டிருந்தேன்.